முழம் யாருடைய கை?

எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படித்த பெண்களுக்கு வீட்டிலிருந்தே வேலை, நேரம் உங்கள் விருப்பம், பொறுமையும் துல்லியமும் இருந்தால் போதும் என்று மூன்று வரி. கீழே ஒரு கைபேசி எண். ‘வீட்டிலிருந்தே’ என்பதில் ‘ரு’ வர வேண்டிய இடத்தில் ‘று’ போட்டிருந்தது. துல்லியமான ஆள் தேடுகிறவர்களுக்கு உண்மையிலேயே ஒரு துல்லியமான ஆள் தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. அந்த நோட்டீஸ் கூப்பிடுவது என்னைப் போன்றவர்களைத்தான். 11 ஆண்டுகளாகத் திருவண்ணாமலையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறேன். சென்னைப் பதிப்பகங்களின் தமிழ்ப் புத்தகங்கள் பாதி, வெளியூர் நிறுவனம் ஒன்று அனுப்பிய ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகள் பாதி. குழந்தை பிறந்து தனியார் பள்ளி வேலையை விட்டபோது மாமியார் தொடங்கிப் பழைய தலைமையாசிரியை வரை எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: “உனக்குத்தான் கண்ணு கூர்மையாச்சே, வீட்டுல இருந்தே ஏதாச்சும் பாரேன்.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் இந்த வேலை பிடித்துப்போனது. இருநூறாம் பக்கத்தில் வரும் ஊர்ப்பெயர் பன்னிரண்டாம் பக்கத்தில் வேறு எழுத்தில் இருந்தது நினைவுக்கு வரும்போது உண்டாகும் சந்தோஷம் இன்றும் குறையவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பழிப்பதற்காக எழுதியதல்ல. அந்த வேலையை நமக்கு விற்கிற வாசகங்களை ஒரு மெய்ப்புத் திருத்துபவளாக வாசித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

மின்கம்பத்து நோட்டீஸும் நாளிதழ் இணைப்புகளில் வரும் ‘பெண்களுக்கு ஏற்ற வேலைகள்’ பத்தியும் தாளின் தரத்தில்தான் வேறுபடும். பட்டியல் ஒன்றுதான். மெய்ப்புத் திருத்தம், தரவு உள்ளீடு, மருத்துவர்களின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்வது, டேலியில் கணக்கு எழுதுவது, படங்களுக்குத் துணையுரை போடுவது, செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களில் கட்டம் போட்டுப் பெயரிடுவது. எல்லாவற்றுக்கும் இரண்டு தகுதிகள்: சின்ன விஷயத்தையும் விடாமல் பார்க்கும் கண், பிழையில்லாத கை. எல்லாவற்றுக்கும் ஒரே பரிசு: நேரம் உங்கள் கையில்.

முதலில் அந்த நேரத்தைப் பார்ப்போம்.

இந்த ஊரில் நேரத்தைத் தீர்மானிப்பதில் நிலவுக்கும் பங்கு உண்டு. பவுர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகள். முந்தைய நாளே சாலைகளை மறித்துவிடுவார்கள். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி வண்டியாக வருவார்கள். எங்கள் வீட்டுக்கு விழுப்புரத்து உறவும் வேலூர் உறவும் வரும். சாயங்காலம் டிபன், நடந்து வந்தவர்களுக்கு விடியற்காலையில் வெந்நீர், காப்பி, படுக்க இடம். லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே ஊரில் கூடும்போது இணையம் நொண்டியடிக்கும். கட்டுரையைக் காலை எட்டு மணிக்குள் ஏற்றியாக வேண்டும் என்று மின்னஞ்சல் வந்திருக்கும். வெளியூரிலிருந்து அனுப்புகிறவருக்குப் பவுர்ணமி தெரியாது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு மின்னஞ்சல் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் நான் ‘நேரம் கையில் இருப்பவள்’. ஆகவே இரண்டு பக்கமும் என் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அலுவலகம் போகிறவளிடம் “லீவு போட முடியுமா?” என்று கேட்பார்கள். என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. “நீ வீட்டுலதானே இருக்க” என்பார்கள்.

கணக்கு எழுதும் தோழி ஒருத்தி இருக்கிறாள். நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறாள். மாதம் 11ஆம் தேதிக்குள் ஒரு படிவம், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. கடைக்காரர்கள் பில்களைக் கொண்டுவந்து கொட்டுவது 9ஆம் தேதி ராத்திரி. மீதி நாளெல்லாம் அவளுக்கு ‘ஓய்வு’. அந்த ஓய்வில் அவள் மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறாள், ரேஷன் கடையில் நிற்கிறாள். நேரம் நெகிழ்வது உண்மைதான். ஆனால் அவளுக்காக நெகிழ்வதில்லை, மற்ற எல்லோருக்காகவும் அவள்மேல் நெகிழ்கிறது.

இது எங்கள் இரண்டு வீட்டுக் கதை மட்டுமல்ல. மத்தியப் புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் எடுத்த கணக்கில் இது 299, 97. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. பெண்ணின் பத்து நிமிடத்தை ஆண் வாங்கிக்கொள்ளவில்லை என்பது இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும். ‘நேரம் உங்கள் விருப்பம்’ என்ற வாக்கியம் இந்த 289 நிமிடத்தைத் தொடாமல் அதைச் சுற்றி வேலையை வளைத்து வைக்கிறது. வீட்டில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் இந்த வேலை பிடித்துப்போகிறது.

2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் ஊதிய இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணமாக இதைத்தான் காட்டினார். எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவருக்கு நிறுவனங்கள் விகிதத்துக்கு மீறிக் கூடுதலாகக் கொடுக்கின்றன, ஆகவே தம்பதியில் ஒருவர் அந்த வேலையையும் மற்றவர் நேரம் நெகிழும் வேலையையும் எடுத்துக்கொள்கிறார்கள், அந்த மற்றவர் பெரும்பாலும் பெண் என்பது அவர் வாதம். அவர் பார்த்தது அமெரிக்க வழக்கறிஞர்களையும் நிர்வாகிகளையும். எங்கள் தெருவுக்கு அது அரைவாசிதான் பொருந்தும். இங்கே கூப்பிட்ட குரலுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வருகிறவள் அந்த ‘நெகிழும்’ வேலைக்காரிதான். கூடுதல் பணம்தான் வருவதில்லை.

அடுத்தது துல்லியம்.

பெண்களுக்குப் பொறுமை அதிகம், அரிசியில் கல் பொறுக்கிய கண், புள்ளி தவறாமல் கோலம் போட்ட கை என்று பாராட்டுவார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் ஒரு திறமையைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால் அதைக் கற்றுக்கொள்ளச் செலவான ஆண்டுகள் மறைந்துபோகும். இயல்பாகவே வருவதற்கு எதற்குத் தனியாகக் காசு? நான் ஒற்றெழுத்து மிகும் இடமும் மிகா இடமும் கற்க மூன்று இலக்கண நூல்களைத் தேய்த்தேன். ஒரு ஆய்விதழின் மேற்கோள் முறை கைவர ஆறு மாதம் ஆனது. இது கல் பொறுக்கிய கண்ணால் வந்ததல்ல.

இதே கண் ஓர் ஆணிடம் இருந்தபோது தமிழ்ச் சமூகம் அதற்கு வேறு பெயர் வைத்தது. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துச் செய்த வேலை அது. அவரைப் பதிப்பாசிரியர் என்றோம், தமிழ்த் தாத்தா என்றோம். தகும். அவர் சாதனையும் என் வேலையும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தெழுத்தாகப் பார்க்கும் அந்த அடிப்படை உழைப்பு ஆணிடம் புலமையாகவும் பெண்ணிடம் பொறுமையாகவும் பெயர் மாறுவதைக் கவனியுங்கள். புலமைக்கு மரியாதையும் மானியமும் உண்டு. பொறுமைக்குப் பக்கக் கணக்கில் கூலி.

உலகத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்டு பிக்கரிங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்களை அமர்த்தி, கண்ணாடித் தகடுகளில் பதிவான விண்மீன்களை எண்ணவும் வகைப்படுத்தவும் வைத்தார். மணிக்கு 25 சென்ட் அளவில் கூலி. 1896இல் அங்கே சேர்ந்த ஆனி ஜம்ப் கேனன் தன் வாழ்நாளில் சுமார் 3,50,000 விண்மீன்களை வகைப்படுத்தினார். அவர் செம்மைப்படுத்திய வகைமுறையை வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பல்கலைக்கழகம் அவருக்கு முறையான பதவி கொடுத்தது 1938இல், அவருடைய எழுபதுகளில். அங்கேயும் சொன்ன காரணம் பெண்களின் பொறுமைதான்.

நேரம், துல்லியம் இரண்டையும் பார்த்தாயிற்று. ஆனால் நோட்டீஸ் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. துல்லியம் வேண்டும் என்கிறார்களே, அதை அளப்பது யார்?

எதிர்வீட்டு அக்கா பூக்கட்டுகிறார். கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் விற்கும் சரத்தில் கொஞ்சம் அவர் வாசற்படியில் கட்டியது. வியாபாரி காலையில் உதிரிப் பூவும் நாரும் கொடுத்துவிட்டுப் போவார். மத்தியானம் வந்து முழம் போட்டு அளந்து, முழத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். இதுவும் வீட்டிலிருந்தே வேலைதான், நேரம் உங்கள் விருப்பம்தான், பூ வாடுவதற்குள் முடித்தால் சரி. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கட்டிப் பார்த்தபோது சொன்னார்: “நான் கட்டி அளந்தா பத்து முழம் இருக்குது கண்ணு. அவரு கைய நீட்டி அளந்தா ஒம்போதாயிடுது. அவரு கை நீளம், என் கை குட்டை. கேட்டா, யாவாரத்துல முழம்னா என் கைதான்றாரு.”

அன்று எனக்கு என் வேலை முழுசாகப் புரிந்தது.

ஆங்கிலக் கட்டுரைகள் அனுப்பிய நிறுவனம் மாதா மாதம் ஒரு மதிப்பெண் அனுப்பும். 99.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கூலியில் பிடித்தம். ஒரு மாதம் எனக்கு 14 பிழை என்று போட்டு, கால்பங்குக் கூலியை வெட்டிவிட்டார்கள். எந்தப் பதினான்கு என்று கேட்டேன். அது உள்ளுக்குள் வைத்திருக்கும் பட்டியல் என்றார்கள். விடாமல் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. ஒன்பது இடங்களில் ஆசிரியரே கடைசி நேரத்தில் சொல்லை மாற்றியிருந்தார், நான் திருப்பி அனுப்பிய பிறகு. மூன்று இடங்களில் அவர்களுடைய நடைக்குறிப்பே மாறியிருந்தது, அதுவும் நான் அனுப்பிய பிறகு. இரண்டு என் தப்பு. ஒரு படத்தின் எண்ணை மாற்றி விட்டிருந்தேன், ஒரு இணைப்புக்கோட்டைப் பார்க்கவில்லை. இரண்டு தப்புக்கு வெட்டுங்கள், பன்னிரண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். கணக்கு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் அதிகப் பக்கங்கள் தருகிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் கை நீளம்.

இதைவிடக் கொடுமை அக்காவின் மகளுக்கு நடந்தது. பி.காம். முடித்தவள். மின்கம்பத்து எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். ஒரு வாரத்தில் ஐந்நூறு படிவங்களைத் தட்டச்சு செய்ய வேண்டும், 95 விழுக்காடு சரியாக இருந்தால் முழுப்பணம். ஆதார் நகலும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். படிவங்களோ மங்கலான படங்கள். எண் பூஜ்யமா எழுத்து ‘ஓ’வா என்று யாராலும் சொல்ல முடியாது. ராப்பகலாகச் செய்து அனுப்பினாள். 88 விழுக்காடு என்றார்கள். இரண்டு நாளில் ‘வக்கீல் நோட்டீஸ்’ வந்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், நிறுவனத்துக்கு நஷ்டம், இவ்வளவு கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டு. அம்மாவிடம் சொல்லப் பயந்து என்னிடம் வந்தாள். வாங்கும்போதே தோற்கிற மாதிரி செய்த வேலை அது. நாட்டில் பல ஊர்களில் போலீஸாருக்குப் பழகிப்போன மோசடி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னோம், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம், ஒரு பைசா கட்டவில்லை. பிறகு மிரட்டல் அழைப்புகள் தாமாகவே நின்றன. ஆனால் அவள் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை: “சித்தி, உங்க வேலையும் இப்படித்தானா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வேலை கொடுத்தவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை. பணம் வரும், புத்தகம் வெளிவரும். ஆனால் ஒன்று மட்டும் அங்கும் இங்கும் ஒன்றாக இருந்தது. எது பிழை என்று சொல்லும் உரிமை ஒரே பக்கம் இருந்தது. மோசடிக்காரன் அந்த உரிமையைக் கொண்டே பணம் பறிக்கிறான். நேர்மையான நிறுவனம் அதைக் கொண்டு கூலியை வெட்டுகிறது.

2024இல் வந்த ‘ஹியூமன்ஸ் இன் த லூப்’ என்ற படத்தில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஆரண்ய சகாய் இயக்கியது. ஜார்க்கண்டில் கணவனைப் பிரிந்து கிராமத்துக்குத் திரும்பும் ஓர் ஆதிவாசிப் பெண், செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களுக்குப் பெயரிடும் மையத்தில் வேலைக்குச் சேர்கிறாள். ஒரு புழுவைப் பயிரைக் கெடுக்கும் பூச்சி என்று குறிக்கச் சொல்கிறார்கள். அது இலையின் அழுகிய பகுதியைத்தான் தின்னும் என்று அவளுக்குத் தெரியும். அவள் குறிக்க மறுக்கிறாள். வேலை தரம் சரியில்லை என்று புகார் வருகிறது. தெரிந்தவள் சொன்ன உண்மை, தெரியாதவர்களின் விதிப்படி பிழை. அந்த வேலையில் துல்லியம் என்றால் சரியாகச் சொல்வது அல்ல, சொன்னபடி சொல்வது என்பதை அந்தக் காட்சி எந்தப் பிரசங்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறது. மற்ற இடங்களில் படம் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகக் கனவு காண்கிறது. அந்த வேலையின் கூலி எவ்வளவு, பிடித்தம் உண்டா என்ற கேள்விகளில் அது நிற்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

அந்த இடத்தைப் பற்றி நம் நாட்டில் ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள், வெகுகாலம் முன்பே, கணினியைப் பார்க்காதவர்கள். பீடித் தொழிலாளர்கள்.

நாக்பூரில் ஒரு பீடித் தொழிற்சாலை. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் நினைத்த நேரம் வரலாம், நினைத்த நேரம் போகலாம். எண்ணிக்கைக்குக் கூலி. அவர்கள் சம்பளத்தோடு விடுப்புக் கேட்டபோது, நேரக் கட்டுப்பாடே இல்லாதவர்கள் எப்படித் தொழிலாளர்கள் ஆவார்கள் என்று முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். பீர்திசந்த் சர்மா வழக்கு என்று பெயர். 1961இல் வந்த தீர்ப்பு, அவர்கள் தொழிலாளர்கள்தாம் என்றது. அதற்கு நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, தரமில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை நிர்வாகத்திடம் இருந்தது. மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கவேண்டியதில்லை. முடித்த பொருளை ‘இது ஆகாது’ என்று ஒதுக்கும் அதிகாரமே மேற்பார்வைதான்.

நான் இதை முதன்முதலில் படித்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். ‘நேரம் உங்கள் விருப்பம்’ என்பதால் நீ சுயதொழில் செய்பவள், தொழிலாளி அல்ல என்றுதானே 11 ஆண்டுகளாக எனக்குச் சொல்லியிருந்தார்கள்? என் அம்மா கல்யாணம் ஆவதற்கு முன்பே அந்த வாதம் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது.

அந்த வழக்கின் தொழிலாளர்கள் ஆலைக்கு வந்து சுற்றியவர்கள். இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டுத் திண்ணையில் சுற்றிய பெண்களுக்கு 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று அது எழுதி வைத்தது. கொடுத்த மூலப்பொருள், கழித்த பீடி, கழித்த பீடிக்கான கூலி இவற்றில் தகராறு வந்தால் அதை முதலாளி தானே தீர்த்துக்கொள்ள முடியாது, அதற்கென்று நியமித்த அதிகாரி தீர்க்க வேண்டும் என்றது. முதலாளிகள் எதிர்த்துப் போனார்கள், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இத்தனை இருந்தும் பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கை செழித்துவிடவில்லை என்பது வேலூர்ப் பக்கமும் திருநெல்வேலிப் பக்கமும் போய்ப் பார்த்தால் தெரியும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தச் சட்டம் உட்பட 13 சட்டங்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. ஆனாலும் ‘இதைக் கழித்தேன் என்றால் ஏன் என்று வேறொருவருக்குப் பதில் சொல்’ என்று முதலாளியிடம் கேட்க முடியும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது. பட்டதாரிகளான எங்களுக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை. நாங்கள் ‘ப்ரொஃபஷனல்கள்’ அல்லவா.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1996இல் வீட்டு உழைப்பு பற்றிய 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலை கொடுப்பவர் சொன்னபடி ஒரு பொருளையோ சேவையையோ கூலிக்கு வீட்டில் செய்து தருகிறவர் வீட்டுத் தொழிலாளர், கருவி யாருடையது என்பது பொருட்டல்ல என்கிறது அது. என் மடிக்கணினி என்னுடையதாக இருந்தாலும் நான் அதில் அடங்குவேன். இந்தியா அதை ஏற்கவில்லை.

இதுவரை மற்றவர்களைச் சொன்னேன். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நாம் நடத்தும் சிறு பதிப்பகங்கள், பெண்ணியத் தொகுப்புகள், மாற்றுப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் மெய்ப்புப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு தோழி. தோழமைக்காகப் பார்ப்பாள். பணம் பற்றிப் பேசினால் அவளுக்கே சங்கடமாக இருக்கும். அட்டை வடிவமைத்தவருக்கும் அச்சகத்துக்கும் காகிதத்துக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெய்ப்புக்கு மட்டும் ‘பார்த்துக்கலாம்’. எங்கள் ஊர் புத்தகம் அறியாத ஊரல்ல. வம்சி புக்ஸ் இங்கிருந்துதான் இயங்குகிறது, ரமணாசிரமத்தின் வெளியீடுகளைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். நான் சொல்வது யாரோ ஒரு பதிப்பகத்தை அல்ல, தமிழ்ப் புத்தகத்தின் பொது வழக்கத்தை. உங்கள் அலமாரியிலிருந்து பத்துத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். ஆசிரியர் பெயர் இருக்கும், அட்டை ஓவியர் பெயர் இருக்கும், அச்சகம் இருக்கும், விலை இருக்கும். மெய்ப்புப் பார்த்தவர் பெயர் எத்தனையில் இருக்கிறது? புத்தகத்தில் பிழை வந்தால் மட்டும் “யாரும்மா ப்ரூஃப் பார்த்தது?” என்று கேட்போம். தப்புக்கு மட்டும் பெயர் தேடுவது கூலி வெட்டிய நிறுவனத்தின் வழக்கமும்தான். கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பற்றி எழுதும் ஒரு புத்தகம் தன் பக்கங்களிலேயே அதை மறைத்தால், நமக்கும் அந்தப் பூ வியாபாரிக்கும் வித்தியாசம் என்ன?

அப்படியானால் இந்த வேலையே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் பணத்தில்தான் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன். கணவரிடம் கேட்காமல் ஒரு புத்தகம் வாங்கினேன். வெளியே போக அனுமதியில்லாத வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு இந்த வேலை ஒரு சன்னல். பெண்களை வீட்டில் வைத்திருக்கிறது என்பதால் மட்டும் ஒரு வேலையைத் தூக்கி எறியச் சொல்வது, வெளியே போக வசதியிருப்பவர்களின் வீரம். நான் சொல்வது வேறு. நேரம் யார் கையில் என்று கேட்டுக் கேட்டு நாம் ஏமாந்தது போதும். அந்தக் கேள்விக்கு ‘உங்கள் கையில்தான்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. முழம் யாருடைய கை என்று கேட்க வேண்டும்.

கேட்க ஆரம்பித்திருக்கிறோம். பெரிய சங்கமெல்லாம் இல்லை. மெய்ப்பு, கணக்கு, துணையுரை என்று வெவ்வேறு வேலை செய்யும் ஆறு பேர். முதலில் செய்தது, யாருக்கு எவ்வளவு கூலி என்று ஒருவருக்கொருவர் சொன்னது. அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று, அவ்வளவு வெட்கம். ஒரே வேலைக்கு எனக்கும் இன்னொருத்திக்கும் பக்கத்துக்குப் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தது. பிறகு நான்கு நிபந்தனைகள் எழுதிக்கொண்டோம். ஒரு பக்கம் என்றால் எத்தனை சொல் என்பதை முன்பே சொல்ல வேண்டும். பிழை என்றால் எந்த வரி என்று காட்ட வேண்டும். வேலையைத் திருப்பி அனுப்பிய பிறகு மாறிய விதியை எங்கள்மேல் போடக் கூடாது. பிடித்தத்துக்கு மறுப்புச் சொல்லப் பத்து நாள் வேண்டும். இதை அனுப்பியபோது என் ஆங்கில நிறுவனம் பதிலே போடவில்லை, வேலையும் அனுப்புவதில்லை. இரண்டு பதிப்பகங்கள் ஒப்புக்கொண்டன. அதில் ஒன்று இனிமேல் மெய்ப்புப் பார்த்தவர் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறது. மாத வருமானம் எனக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதை மறைத்துவிட்டு வெற்றிக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அக்காவின் மகள் இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறாள். காலை பத்திலிருந்து ஆறு மணி வரை. சனிக்கிழமை மட்டும் என்னிடம் மெய்ப்புக் கற்க வருகிறாள். முதல் நாள் குறியீடுகளைச் சொல்லித் தருவதற்கு முன்பு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பக்கம், நடுவில் யார் கூப்பிட்டது, என்ன கழித்தார்கள், ஏன் என்று சொன்னார்களா. இத்தனை கட்டம் போட்டிருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு சித்தி, நான் இன்னும் ஒரு பக்கம்கூடப் பாக்கலையே?” என்றாள். பக்கம் பார்ப்பதற்கு முன்பே இது வேண்டும் என்றேன்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது நோட்டில் ஒரு பக்கம் நிறைந்திருந்தது. அவளுடைய கையெழுத்துதான், கணக்கு அவளுடையது அல்ல. அம்மா கட்டிய முழம், வியாபாரி அளந்த முழம் என்று இரண்டு வரிசை. பக்கத்தில் ஒரு தையல் டேப்பால் அளந்த சென்டிமீட்டர்.